கிடங்கு கப்பலேறிய கதை

மலேசியாவின் கோலா குபு பாரு என்ற ஊரின் பெயரில் உள்ள 'பாரு' என்ற மலாய்ச் சொல்லுக்குப் புதியது என்று பொருள் என்பதை அவ்வூராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1883-ஆம் ஆண்டில் மேலேயிருந்த பழைய அணை உடைந்து, மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உள்படப் பலரை வெள்ளம் வாரிக்கொண்டு போனதும், பின்னர் ஈயச் சுரங்கங்களின் மணல் சேர்ந்து ஆறு மேடாகிப் பழைய ஊர் ஓயாமல் மூழ்கியதும், 1920-களில் நகரமைப்பு நிபுணர் சார்ல்ஸ் ரீட் வகுத்த திட்டப்படி புதிய ஊர் எழுந்ததும் சரித்திரம். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை ரேங்கிங் துரை சுட்டதனால்தான் அணை உடைந்தது என்பது ஐதிகம். ஐதிகம் சரித்திரத்தைக் காட்டிலும் சுவையானது. ஆகையால் அதுவே அதிகம் பேசப்படுகிறது. சொற்களின் சரித்திரத்திலும் இத்தகைய வெள்ளை முதலைகள் பல நீந்துகின்றன.

அவற்றுள் கொழுத்தது 'நியூஸ்' என்ற சொல்லைப் பற்றியது. வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைகளின் ஆங்கிலப் பெயர்களில் முதலெழுத்தை மட்டும் கிள்ளியெடுத்துக் கோத்ததே அச்சொல் என்று பள்ளிக்கூடத்தில் கேளாதவர்கள் நம்மில் சிலரே இருப்பார்கள். நான்கு திசைகளிலிருந்தும் வருவது செய்தி என்ற கற்பனை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிது என்ற பொருளுடைய 'நியூ' என்னும் சொல்லின் பன்மையே 'நியூஸ்'; 'புதியன' என்பதே அதன் நேர்ப்பொருள். ஆங்கில நாட்டில் பத்திரிகை என்ற வஸ்துவே தோன்றாத 15-ஆம் நூற்றாண்டிலேயே அது வழக்கில் இருந்தது. பலரும் பலவிதமாக எழுத்துக்கூட்டி எழுதினார்கள். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் சமைக்கும் பழக்கமோ பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுக்கு உரியது. ஊர்ப்பெயரில் உள்ள 'பாரு'வும் செய்தித்தாளில் உள்ள 'நியூஸ்'ஸும் ஒரே பொருளைச் சொல்லுகின்றன என்பதை அறியத் திசைமானி எதற்கு?

இன்னொரு நம்பிக்கை நம்முடைய பாஷாபிமானத்திலிருந்து பிறந்தது. 'ஒன்று' என்பதிலிருந்து ஆங்கில 'ஒன்'னும், 'எட்டு' என்பதிலிருந்து 'எய்ட்'டும் வந்தன என்று மேடையில் முழங்கினால் இன்றும் கரகோஷம் எழும். ஆங்கில 'ஒன்' பண்டைக் காலத்தில் 'ஆன்' என்றே ஒலித்தது; அதன் வழிவந்த 'ஓன்லி', 'அலோன்' என்ற சொற்களில் அந்தப் பழைய ஒலியின் சாயல் இன்றும் இருக்கிறது. 'எய்ட்'டின் பழைய உருவம் 'எஅஹ்த'. லத்தீனின் 'ஒக்தோ', சம்ஸ்கிருதத்தின் 'அஷ்ட' ஆகியவை அதன் சுற்றத்தார். நம் 'எட்டு'வின் சுற்றத்தாரோ எண்பதும் எண்ணூறும் கன்னடத்து 'எண்டு'வும். இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் ஜாடையில் ஒத்திருப்பதைக் கண்டு சொத்துரிமை கோருவது போன்றது இந்த வாதம்.

அபிமானத்துக்கு நியாயமான இடம் வேறுண்டு. அதற்குக் கப்பல்களின் வழித்தடத்தைப் பார்க்க வேண்டும். நம் 'கிடங்கு', தெலுங்கில் 'கிட்டங்கி'யாக வழங்கும் அதே சொல், வணிகரோடு கடல் கடந்து மலாய் மொழியில் 'குடாங்' ஆகி, போர்த்துகீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலேயரிடம் 'கோடௌன்' என்று உருமாறி, கடைசியில் 'குடோன்' என்ற வேஷத்தோடு தமிழுக்கே திரும்பிவந்தது என்பது அகராதியாளர் பெரும்பாலோரின் அபிப்பிராயம். தாய்வீட்டுக்கு வந்த பிள்ளையை அந்நியன் என்று எண்ணி உபசரித்துக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி எழுப்பும் 'காம்பவுண்டு' சுவரும் இந்த வகைதான். கலவை என்று பொருள்படும் 'காம்பவுண்டு' லத்தீன் வழிவந்தது. ரசாயனப் புத்தகத்தில் காண்பது அதுவே. சுற்றடைப்பைக் குறிக்கும் 'காம்பவுண்டு' அதுவன்று; மலாய்க்காரரின் 'கம்போங்'கிலிருந்து வந்தது அது என்ற முடிவையே, ஹென்றி யூலும் தமிழ்நாட்டில் நீதிபதியாக இருந்த பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி ஆதரிக்கிறது. (அந்த அகராதியின் பெயரே மொகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற ஓலத்தை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிதைத்ததுதான்.) மலாய்க் கிராமத்தைக் 'கம்பம்' என்று வழங்கும் நம் தோட்டத்து மக்கள், காம்பவுண்டின் அருகிலேயே அதன் உடன்பிறப்பையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

'கேஷ்' நம் 'காசு'விலிருந்து வந்தது என்ற நம்பிக்கை பாதி மெய். சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கெழுதிய கும்பினியாரின் 'கேஷ்' என்ற செப்புக்காசு, போர்த்துகீசியர் வழியாகப் போன நம் 'காசு'வேதான். ஆனால் ரொக்கம் என்னும் பொருளுடைய 'கேஷ்' பணப்பெட்டியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. ஒரே உடுப்பை இரண்டு பேர் அணிந்திருக்கிறார்கள்.

கடைசியாக, கோலா குபு பாருவைச் சூழ்ந்த உலு சிலாங்கூர்த் தோட்டங்களில் முதியவர்களின் நெஞ்சைச் சுடும் ஒரு சொல். 'கூலி' என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வசவு என்று பலர் நம்புகிறார்கள். குஜராத்தின் கோலி இனத்தாருடைய பெயரிலிருந்து அது வந்தது என்பார் சிலர். தமிழ்க் 'கூலி'யே மூலம் என்பார் சிலர். இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. எவ்வாறாயினும் வெள்ளைக்காரனின் சொந்தச் சிருஷ்டி அன்று. தமிழில் அது உழைப்பவனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஊதியத்தின் பெயர், இன்றும் அப்படித்தான். 1910-இல் ஒப்பந்த முறை ஒழிந்து, 1938-இல் கங்காணிகள் ஆள் சேர்ப்பதும் நின்றுபோகும் வரையில், தோட்டக் கணக்கேடுகளில் அந்த ஊதியத்தின் பெயர் ஊதியம் பெறுகிறவனின் பெயராக எழுதப்பட்டது. அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அதற்கு அடுத்த கட்டத்தில் இருந்தது.