கற்றையும் கொத்தும்
(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

"ஏப்பா, நம்ம பொட்டிப்புரம் மலைக்குள்ளே வைக்கத் திட்டம் போட்டாங்களே, அது அணுவை வேகமா ஓட்டுற எந்திரமா?" என்று விடுமுறையில் தாத்தா கேட்டார். இயற்பியல் மாணவனாகிய நான் விழித்தேன். பின்னரே படித்தறிந்தேன்: 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த அந்த நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தில் முடுக்கி கிடையாது. வளிமண்டலத்தில் அண்டக் கதிர்களால் பிறக்கும் நியூட்ரினோக்களை அறியவே 50,000 டன் இரும்புக் கருவி திட்டமிடப்பட்டது.

அப்படியானால் முடுக்கி என்பது யாது?

நேர்கோட்டு முடுக்கியில், மாறிக்கொண்டே இருக்கும் மின்புலம் மின்னூட்டத் துகள்களை மீண்டும் மீண்டும் உந்துகிறது. 1928-இல் விடரோ என்பார் இதனைச் செய்துகாட்டினார். தக்க கணத்தில் வரும் துகளுக்கே உந்துதல் கிட்டும். ஆகவே தொடர்ந்து ஓடும் கற்றையைச் சிறு கொத்துகளாக்க வேண்டும். விடியலில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிப் போடிமெட்டுக்கு வரிசையாகச் செல்லும் ஜீப்புகளை எண்ணிப் பாருங்கள். முந்தியதை மெதுவாக்கி, பிந்தியதை விரைவாக்கினால், சிறிது தூரத்தில் அவை நெருங்கிவிடும். கொத்தாக்கியின் வேலையும் இதுவே.

புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் மின்புலம் விநாடிக்கு 9.7 கோடி முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு 10.3 நானோ விநாடி. அதில் ஒரு சிறு பங்குக்குள் கொத்து அடங்க வேண்டும்.

இதனை எவ்வாறு அளப்பது? ஃபாரடே கிண்ணம் மின்னோட்டத்தைக் காட்டும். மெல்லிய கம்பியைக் குறுக்கே நகர்த்திக் கற்றையின் அகலம் காண்பர். தங்கத் தகட்டில் பட்டுச் சிதறும் துகள்கள் உணர்கருவியை வந்தடையும் நேரப் பரவல், கொத்தின் நீளத்தைச் சொல்லும்.

கணக்கீடு மற்றொரு வழி. 1 மில்லி ஆம்பியர் புரோட்டான் கற்றை விநாடிக்கு 10 கோடி கொத்துகளாகச் சென்றால், ஒரு கொத்தில் சுமார் 6.24 கோடி புரோட்டான்கள் இருக்கும். அனைத்தையும் பின்தொடர்வது பெரும்பாடு. எனவே கணினியில் 1 லட்சம் மாதிரித் துகள்களை எடுப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 624 புரோட்டான்களுக்குப் பிரதிநிதி. அவை ஒன்றையொன்று விலக்கும் விசையையும் சேர்த்து, அடி அடியாக நகர்த்திப் பார்ப்பர்.

அளவும் கணக்கும் முரண்பட்டால்? அளவைத் திருத்தலாகாது, காரணத்தைத் தேட வேண்டும். கொத்தை விட்டு விலகும் மிகச் சில துகள்களும், வேகம் மிகுந்தால், குழாய்ச் சுவரில் மோதி அதனைக் கதிரியக்கம் உடையதாக்கிவிடக் கூடும்.

இதைப் படித்தபோது வெட்கமுற்றேன். விடைக்கு ஏற்ப அளவீட்டை மாற்றி எழுதியவன் நான். இவ்வாண்டுப் பதிவேட்டில் கண்டதையே எழுதினேன். மதிப்பெண் இரண்டு குறைந்தது. தாத்தாவுக்குப் பதில் சொல்லும்போது மட்டும் குரல் தடுமாறவில்லை.