ஹசிதியர்: கேள்விப்பட்டதும் ஏட்டில் உள்ளதும்

2024 ஒக்டோபர் 23 அன்று, இஸ்ரேலியப் பயணிகள் வந்துபோகும் அறுகம்குடாப் பக்கம், தாக்குதல் நடக்கலாம் என்பதால், போகவேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை எச்சரித்தது. அதன்பிறகு யூதப் பயணிகளுக்கான 'சபாத் இல்லம்' என்ற பெயர் கொழும்பில் எல்லார் வாயிலும் அடிபடுகிறது. வெள்ளவத்தைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் அதைப் பற்றிப் பேசப்படுவதில் பெரும்பகுதி வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. காஸாவைப் பார்த்துக் கொதிக்காதவர் மனிதரல்லர். அந்தக் கொதிப்புக்குப் பிழையான தகவல் துணையாக வேண்டியதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

“சபாத் இல்லம் இஸ்ரேல் அரசின் கிளை.”

இல்லை. ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் பல கிளைகளில் ஒன்றுதான் சபாத். இன்றைய பெலாரஸ் பகுதியில் வாழ்ந்த ஷ்னூர் ஸல்மான் (1745–1812) தொடங்கியது. அதன் தலைமையகம் 1940 முதல் நியூயோர்க்கின் புரூக்ளினில் இருக்கிறது. கணவனும் மனைவியுமாக ஓர் ஊருக்குப் போய்க் குடியிருந்து, வருகிற யூதப் பயணிகளுக்கு விதிப்படி சமைத்த உணவும் ஓய்வுநாள் வழிபாடும் கொடுப்பது அவர்கள் வழக்கம். அரசியல் இல்லையா என்றால், உண்டு. ஐந்தாவது தலைவர் ஷோலோம் டோவ்பர், யூதருக்குத் தனி நாடு கோரிய சியோனிசத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார். ஏழாவது தலைவர் மெனகெம் மெண்டல் ஷ்னீர்சன் (1902–1994) இஸ்ரேலில் ஒருநாளும் கால் வைக்கவில்லை. ஆனால் 1967இல் பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக நின்றார். அந்த நிலைப்பாட்டை நானும் ஏற்கவில்லை. இங்குள்ள இல்லங்களுக்கு அனுமதி உண்டா, பதிவு உண்டா என்று கேட்பதும் நமது உரிமை. ஆனால் 2008 நவம்பரில் மும்பையின் சபாத் இல்லமான நரிமன் இல்லத்துக்குள் நுழைந்த பயங்கரவாதிகள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அங்கிருந்த இளம் ரபியையும் (யூத மதகுரு) அவர் மனைவியையும் கொன்றார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பைக் கண்ட கொட்டாஞ்சேனைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

“கறுப்புத் தொப்பி போட்டவர் எல்லாரும் சியோனிஸ்டுகள்.”

ஹசிதியக் குழுக்களிலேயே பெரியது சத்மர். மெசியா வருமுன் யூதர் அரசு அமைப்பது பாவம் என்று அதன் தலைவர் யோவேல் டைட்டல்பாம் (1887–1979) ஒரு நூலே எழுதினார். அந்தக் குழு இன்றும் அந்தக் கொள்கையில்தான் நிற்கிறது. கறுப்பு உடைக்காரர் எல்லாரும் ஹசிதியரும் அல்லர்.

“ஹசிதிய இயக்கத்தைத் தொடங்கியவர் எழுத்தறியாத நாடோடி.”

இது பகைவர் கட்டிய கதையல்ல, அன்பர்கள் வளர்த்தது. அதனாலேயே களைவது கடினம். பால் ஷேம் தோவ் என்று போற்றப்படும் இஸ்ரவேல் பென் எலியேசர் (இறப்பு 1760) காட்டிலும் மலையிலும் திரிந்த ஏழை, படித்தவர்கள் ஒதுக்கிவைத்தவர் என்றே கதைகள் சொல்கின்றன. மார்ட்டின் பூபர் அந்தக் கதைகளை அழகான ஜெர்மன் நடையில் உலகுக்குக் கொண்டுபோனார். ஆனால் பால் ஷேம் தோவ் வாழ்ந்த மெஜிபிஷ் (இன்று உக்ரைனில்) ஒரு போலந்துப் பிரபு குடும்பத்தின் சொத்து. பிரபு வரி வாங்கினார். வரி வாங்கியவர் ஏடு வைத்திருந்தார். மோஷே ரோஸ்மன் என்ற வரலாற்றாசிரியர் அந்த வரியேடுகளைத் தேடிப் புரட்டி 1996இல் ஒரு நூல் வெளியிட்டார். வீடு வீடாக எழுதிய பட்டியலில் ஒரு வீடு யூதச் சமூகத்துக்குச் சொந்தமானது. குடியிருந்தவர் பெயருக்குப் பதிலாக ஓராண்டில் 'கபாலி' (கபாலா எனும் யூத மறைஞானம் கற்றவர்), இன்னோராண்டில் 'பால் ஷேம்', பிறகு 'வைத்தியர்' என்று எழுதியிருக்கிறது. வரி இல்லை என்றும் குறித்திருக்கிறது. ஊரார் வீடு கொடுத்து, வரிவிலக்கும் வாங்கிக் கொடுத்து வைத்திருந்த மனிதர் அவர்! தாயத்து எழுதி நோய் தீர்ப்பவரையே பால் ஷேம் என்பார்கள்; அன்று அது மதிப்பான தொழில். கலகக்காரராக அல்ல, ஊரின் அங்கீகாரம் பெற்ற ஞானியாகவே அவர் வாழ்ந்தார். அற்புதக் கதைகள் தராத ஒரு மனிதரை இந்த வரியேடு எனக்குத் தந்தது.

எதிர்ப்பு பின்னால்தான் வந்தது. 1772இல் வில்னா நகர யூதச் சமூகத்தார் ஹசிதியரை விலக்கிவைத்தார்கள். எதிரணியின் பேரறிஞரான வில்னா காவோன் மறைஞானத்தை வெறுத்தார் என்று நினைப்பதும் பிழை; கபாலா நூல்களுக்கு உரை எழுதியவர் அவர். ஷ்னூர் ஸல்மானை 1798இல் ரஷ்ய அரசு சிறையில் போட்டது, சொந்த இனத்தாரே கொடுத்த புகாரின் பேரில். ஒட்டோமான் ஆட்சியிலிருந்த பலஸ்தீனத்துக்குப் பணம் அனுப்பினார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்நியரின் ஆள் என்ற சந்தேகம் அன்றே தொடங்கிவிட்டது.

“கபாலா என்றால் சிவப்பு நூலும் எண்சோதிடமும்.”

மணிக்கட்டுச் சிவப்பு நூல் பரவியது அண்மைக்கால வியாபாரத்தால். எழுத்துக்கு எண் மதிப்புக் கொடுத்து வேதத்துக்குப் பொருள் காண்பது உண்மையில் உண்டு. அது கபாலாவின் ஒரு மூலை மட்டுமே.

“அதெல்லாம் ஐரோப்பியர் சமாசாரம், நமக்கென்ன?”

கொச்சியின் மட்டாஞ்சேரியில் நெஹெமியா மோத்தா என்ற கபாலா ஞானியின் சமாதி இருக்கிறது. ஹீப்ரு கல்வெட்டில் உள்ள யூத ஆண்டு 5376, அதாவது 1615. ஹசிதியம் பிறப்பதற்கு நூறாண்டுக்கும் முந்தியவர். யூதர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அங்கே விளக்கேற்றி நேர்த்தி வைத்து வந்திருக்கிறார்கள். எல்லா மதத்தவரும் கூடும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

கடைசியாக, கபாலாவின் பெருநூலான ஸோஹர். இரண்டாம் நூற்றாண்டு ரபி ஷிமோன் பார் யோஹாய் எழுதியது என்பது நம்பிக்கை. அது வெளிவந்ததோ 1280களில், ஸ்பெயினில், மோசே த லியோன் என்பவர் கையிலிருந்து. 1305இல் அவர் இறந்ததும் ஒரு செல்வந்தர் அவர் குடும்பத்திடம் பேரம் பேசினாராம்: பழைய மூலச்சுவடியைக் கொடுத்தால் உங்கள் மகளுக்கு என் மகனைக் கட்டிவைக்கிறேன் என்று. அப்படியொரு சுவடியே கிடையாது, எல்லாம் அவர் தன் மூளையிலிருந்து எழுதியது என்று விதவை சொன்னதாக, விசாரிக்க வந்த ஆக்ரே ஊர் ஐசக் குறித்துவைத்தார். கெர்ஷோம் ஷோலெம் (1897–1982) முதலில் நூலின் பழமைக்காகவே வாதாட முனைந்தவர். அதன் அரமேய மொழியிலுள்ள இலக்கணப் பிழைகளையும் பலஸ்தீன ஊர்களைப் பற்றிய தடுமாற்றங்களையும் வரிவரியாகப் பார்த்தபின், 1941இல் வந்த தன் பெருநூலில், எழுதியவர் த லியோன்தான் என்று முடிவு சொன்னார். பிறகு வந்த யெஹூதா லீபஸ், தனியொருவர் அல்ல, ஒரு குழுவே சேர்ந்து எழுதியது என்கிறார்.