வங்கிகள் கூடி அமைத்த பொதுப் பாதை



சனிக்கிழமை வகுப்பொன்றில் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "சேர், அம்மாவின்ரை வங்கி வேறை, கடைக்காரரின்ரை வங்கி வேறை. அட்டையைத் தொட்ட உடனே காசு எப்படி அங்கை போகுது?" என்றாள். அன்று மணி அடித்துவிட்டபடியால் அரைகுறையாகவே விடை சொன்னேன். மிகுதியை இங்கே எழுதுகின்றேன்.

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சி. ஊரில் நான் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் எனது சம்பளம் ஒரு வங்கிக் கிளைக்கு வரும். அக்கிளையின் பேரேட்டில்தான் என் கணக்கு இருந்தது. இடம்பெயர்ந்து வேறோர் ஊருக்குச் சென்றபோது சேமிப்புப் புத்தகம் என் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. அங்கிருந்த மற்றொரு வங்கியில் அதை நீட்டினேன். அலுவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்கடை காசுதான் மாஸ்டர், ஆனால் இது இப்பவும் அங்கை இருக்குதோ எண்டு நாங்கள் ஆரிட்டைக் கேக்கிறது?" என்று திருப்பித் தந்தார். அன்று குழந்தைக்குப் பால்மா வாங்கக் கடன்பட்டேன். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது சரியே. பணம் இருந்தது, நானும் இருந்தேன். நடுவில் ஒரு கேள்வியைக் கொண்டுசென்று விடையைக் கொண்டுவருவதற்குத்தான் வழி இருக்கவில்லை.

அந்த வழியைத்தான் கனடாவில் இன்ரராக் என்கின்றோம். உங்கள் பெற்றோரின் அட்டையிலே சிறிய மஞ்சள் அடையாளமாக அப்பெயரைக் காணலாம். 1984 இல் றோயல் வங்கி, கனேடிய இம்பீரியல் வணிக வங்கி, ஸ்கொஷியா வங்கி, ரொறன்ரோ டொமினியன் வங்கி, டெஜார்டான் ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இச்சங்கத்தை அமைத்தன. இவற்றுள் டெஜார்டான் வங்கியன்று. கியூபெக் மாகாணத்தின் லெவி என்னும் ஊரில் 1900 ஆம் ஆண்டு தொடங்கிய கூட்டுறவு இயக்கம் அது. எங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களை அறிந்த பெரியோருக்கு அதன் தன்மை எளிதில் விளங்கும்.

ஒருவரோடொருவர் போட்டியிடும் வங்கிகள் ஏன் ஒன்று கூடின? ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு சந்தியிலும் தனித்தனி இயந்திரம் நிறுத்துவதாயின் செலவு பெரிது. பாதையைப் பொதுவாக்கிவிட்டு வாடிக்கையாளருக்காகப் போட்டியிடலாம் என்பது அவர்களின் கணக்கு. 1986 இல் ஒரு வங்கியின் அட்டையை இன்னொரு வங்கியின் காசு இயந்திரத்திலும் பயன்படுத்தும் முறை வந்தது. 1990 இல் ஒட்டாவாவில் கடைகளில் அட்டையாற் பணம் செலுத்தும் பரிசோதனை நடந்தது. 1994 இல் அது நாடெங்கும் பரவியது. இலங்கையில் இத்தகைய பொதுக் காசு இயந்திர இணைப்பு 2013 இலேதான் தொடங்கியது.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். அம்மா ஷெப்பர்ட் வீதிக் கடையிலே 42 டொலருக்கு அரிசியும் மரக்கறியும் வாங்குகின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்குள் பணம் இல்லை. யாருடைய கணக்கு, எந்த வங்கி என்னும் அடையாளம் மாத்திரமே உண்டு. இரகசிய இலக்கத்தை அழுத்தியதும் கருவி அதனை மறைகுறியாக மாற்றிவிடும். கடைக்காரர் அதை அறியமாட்டார். கடைக்காரருக்குச் சேவை வழங்கும் நிறுவனம் கேள்வியை இன்ரராக் பாதையில் அனுப்பும். அது அம்மாவின் வங்கியைச் சென்றடையும். "இவ்வட்டை உண்மையானதா? 42 டொலர் உண்டா?" வங்கி ஆம் என்று சொல்லும்போதே அம்மாவின் கணக்கிலிருந்து அத்தொகையைக் கழித்துவிடும். சில நொடிகளில் விடை திரும்பி வந்துவிடும். அலுவலர் அன்று என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான்.

அவ்வேளையில் வங்கிக்கு வங்கி காசு போவதில்லை. செய்தி மாத்திரமே போகின்றது. நாள் முடிவிலே கணக்குப் பார்ப்பார்கள். 'அ' வங்கி 'ஆ' வங்கிக்கு 900 டொலர் கொடுக்கவேண்டும், 'ஆ' வங்கி 'அ' வங்கிக்கு 700 டொலர் கொடுக்கவேண்டும் என்றால், கைமாறவேண்டியது 200 டொலரே. இவ்வாறு கழித்துத் தீர்ப்பதற்குப் பேமென்ற்ஸ் கனடா என்னும் அமைப்பு உள்ளது. இறுதித் தீர்வு கனடா மத்திய வங்கியிலுள்ள கணக்குகளில் நடைபெறும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். கடன் அட்டையில் நாம் செலவிடுவது வங்கியின் பணம். இன்ரராக் வழியே செலவிடுவது நமது பணம். ஆகவே அதனைப் பற்று அட்டை என்கின்றோம். பற்று என்றால் அன்பு என்றும் பொருள். பேரேட்டில் அதுவே கழிவு!

இப்பாதையில் கட்டணங்களும் உண்டு. 1996 இல் போட்டிச் சட்டத் தீர்ப்பாயம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதுவரை சில நிறுவனங்களின் கையிலிருந்த சங்கம் மற்றவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இயந்திரத்தின் சொந்தக்காரர் வாடிக்கையாளரிடம் மேலதிகக் கட்டணம் அறவிடவும் இடம் கிடைத்தது. மூலைக்கடைகளிலே காணும் பெயரறியா இயந்திரங்கள் பெருகியது அதன் பின்னரே. நன்மையும் தீமையும் ஒரே வாசலால் வந்தன என்பேன். 20 டொலர் எடுக்கின்றீர்கள். இயந்திரக்காரர் 3 டொலரும் உங்கள் வங்கி பாதைக்கட்டணமாக 2 டொலரும் எடுத்தால், நூற்றுக்கு எத்தனை வீதம்? நான்காம் வகுப்பாரும் சொல்லலாம்: 25 வீதம். எந்த வட்டிக்கடைக்காரரும் நாணுவார். சொந்த வங்கியின் இயந்திரத்தைத் தேடி இரண்டு தரிப்பிடம் நடப்பது வீணன்று.

பெற்றோருக்கு ஒன்று. அப்பம்மாவின் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பேரப்பிள்ளையிடம் கொடுத்துக் கடைக்கு அனுப்பும் வழக்கம் எங்களிடையே உண்டு. ஆங்கிலம் தெரியாமையால் நேரும் வழக்கம் அது. ஆனால் இலக்கத்தைப் பிறரிடம் சொன்னவருக்குத் திருட்டு நேர்ந்தால், ஈடுசெய்ய வங்கி மறுக்க இடமுண்டு. பிள்ளைகளே, திரையை நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். இலக்கத்தை அப்பம்மாவே அழுத்தட்டும்.

2002 இல் வந்த மின்னஞ்சல் வழிப் பணமாற்றத்திலும் கவனம் வேண்டும். மின்னஞ்சலுக்குள் பணம் வருவதில்லை. அது அறிவித்தல் மாத்திரமே. தானாக வைப்பிலிடும் முறை பதியப்படாவிடின், பெறுபவர் பாதுகாப்புக் கேள்விக்கு விடை சொல்லவேண்டும். எங்களவர் "எங்கள் ஊர் எது?" என்று கேட்டு "யாழ்ப்பாணம்" என்று விடை வைப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஸ்காபரோவில் ஒரு சூரனா வேண்டும்?

2022 யூலை 8, வெள்ளிக்கிழமை, றொஜேர்ஸ் தொலைத்தொடர்பு வலையமைப்பு நாடு தழுவி முடங்கியது. இன்ரராக் அதனையே நம்பியிருந்தபடியால் கடைகளில் பற்று அட்டைகள் செல்லவில்லை, பணமாற்றமும் நின்றது. வங்கிகளில் பணம் அப்படியே இருந்தது. கேள்வியைக் கொண்டுசெல்லும் வழிதான் அற்றுப்போயிற்று. அதன்பின் இன்ரராக் இன்னொரு தொலைத்தொடர்பு வழியையும் சேர்ப்பதாக அறிவித்தது. என் வீட்டு அலுமாரியில் இன்றும் இரண்டு நாட் செலவுக்கான தாட்காசு இருக்கின்றது. மனைவி சிரிப்பார்.

பயிற்சி: அடுத்த முறை கடைக்குப் போகும்போது பற்றுச்சீட்டை வாங்கி வாருங்கள். அதில் அட்டை இலக்கத்தின் எத்தனை எண்கள் மறைக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். பெற்றோரின் மாதாந்த வங்கிக் கூற்றில் கட்டணங்கள் எத்தனை வகை என்று அவர்களோடு இருந்து எண்ணிப் பாருங்கள். வகுப்பில் தமிழில் எழுதிக் காட்டுங்கள்.