காற்றைப் பார்த்துக் கரை மாறுங்கள்

ராமேஸ்வரத்துக்கு வேலை மாற்றலாகி வருகிறவர்களும், பத்து நாள் தங்க வருகிறவர்களும், இங்கேயே பிறந்து நாற்பதைத் தொடும்போது ஓட்டம் பிடித்தவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: காலையில் எங்கே ஓடலாம்? தனுஷ்கோடி அரிச்சல்முனை என்று சட்டென்று கை காட்டுகிறவர்கள் அதிகம். நான் முதலில் எந்த மாதம் என்று திருப்பிக் கேட்பேன்.

ராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தரை தட்டையானது. கால்களைச் சோதிக்க இங்கே பெரிய குன்று கிடையாது, காற்றுதான் உண்டு. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். ஐப்பசி மழையோடு வடகிழக்கு வாடை வந்துவிடும், தை வரைக்கும் நிற்கும். கச்சான் நாட்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் அப்படியே தலைகீழ். எந்த மாதத்தில் எந்தக் கடல் சும்மா கிடக்கும் என்பது இங்கே படகுக்காரருக்குத் தெரிகிற அளவுக்கு ஓடுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். மனித உடம்பு எம்மாத்திரம்?

அதனால் முதல் விதி: காற்றை எதிர்த்துக் கிளம்புங்கள், காற்று முதுகில் தள்ளத் திரும்புங்கள். தெம்பு இருக்கும்போது கடினமான பாதி முடிந்துவிடும். மாற்றிச் செய்தால், போகும்போது ஏதோ பெரிய ஓட்டக்காரர் ஆகிவிட்டதுபோல் வேகம் கிடைக்கும். திரும்பும்போது வெயிலும் ஏறியிருக்கும், எதிர்க்காற்றும் இருக்கும்.

இந்த விதிக்குப் பொருத்தமான சின்னப் பாதைகள் இரண்டு. கச்சான் காலத்தில் பாம்பனிலிருந்து தெற்கே குந்துகாலுக்குப் போகும் சாலை. போகையில் காற்று முகத்தில் அடிக்கும், வருகையில் முதுகில் கை வைத்துத் தள்ளும். 1897 சனவரி 26 அன்று மேல்நாட்டுப் பயணம் முடித்து வந்த விவேகானந்தர் கரையிறங்கிய இடம் குந்துகால். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது, எதிரே கடலில் குருசடைத் தீவு. முதல் முறை ஓடுகிறவர்களை நான் அனுப்புவது இந்தச் சாலைக்குத்தான். வாடை காலத்தில் ராமேஸ்வரத்திலிருந்து வடக்கே சங்குமால் வழியாக ஓலைக்குடா பக்கம் ஓடுங்கள். ஊரை விட்டதும் பனையும் உடைமரமும் மீனவர் வீடுகளும்தான். விடியற்காலையில் தெரு நாய்கள் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். ஓடுகிற காலைத்தான் நாய் துரத்தும்.

மேடு வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு இந்தச் சீமையில் நான் காட்டும் ஏற்றம் பாம்பன் சாலைப் பாலம். 1988-இல் திறந்த அந்தப் பாலம் 2.345 கிலோமீட்டர் நீளம். அடியில் கப்பல் போக வேண்டும் என்பதற்காக நடுப்பகுதியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். போய்த் திரும்பினால் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒவ்வொரு தடவையும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். நடு மேட்டிலிருந்து 2025-இல் திறந்த புதிய ரயில் பாலமும் அதன் தூக்குப் பகுதியும் பக்கத்திலேயே தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை. சுற்றுலா வேன்கள் வருவதற்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். நடைபாதை ஒடுங்கியது. படம் எடுக்க வண்டியை நடுப்பாலத்தில் நிறுத்துகிறவர்களும், அவர்களைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு நடுவே வருகிற வண்டிகளும் ஓடுகிறவருக்கு ஆபத்து. எதிரே வரும் வண்டி கண்ணில் படும் பக்கமாகவே ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். கச்சான் உச்சத்தில் இருக்கும் ஆடி மாதத்தில் பாலத்தை விட்டுவிடுங்கள், பக்கவாட்டில் ஆளைத் தள்ளும்.

இனி தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடிக்கு ஐந்து கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனைக்கு இன்னும் நாலரை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊர் அழிந்த பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் மணல் தடம் மட்டுமே இருந்தது. 2017-இல்தான் இந்தத் தார்ச்சாலை வந்தது. இரண்டு பக்கமும் கடல், முன்னால் நேராக ஓடும் சாலை. நாட்டில் இதைவிட அழகான ஓட்டப் பாதை இருந்தால் எனக்குக் காட்டுங்கள். ஆனாலும் இதைப் புதியவருக்கு உடனே சொல்வதில்லை. சாலை தென்கிழக்காகப் போகிறது, கச்சானும் வாடையும் விலாவில்தான் அடிக்கும். போகும்போதும் துணை இல்லை, வரும்போதும் துணை இல்லை. கச்சான் காலத்தில் மணல் பறந்து கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தும், சாலையிலேயே மணல் மேடு கட்டிக் கிடக்கும். நிழல் என்று பார்த்தால் இடிந்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும்தான். வழியில் மீன் வறுவல் கடைகள் உண்டு, ஆனால் நீங்கள் ஓடும் நேரத்தில் அடுப்பு பற்ற வைத்திருக்க மாட்டார்கள். கைபேசிச் சிக்னலை நம்பியும் போகாதீர்கள்.

போகத்தான் வேண்டும் என்றால் இப்படிப் போங்கள். தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம்: மழை ஓய்ந்திருக்கும், வாடை தணிந்திருக்கும், கச்சான் வந்திருக்காது. வெளிச்சம் வந்த பிறகுதான் சோதனைச் சாவடியில் விடுவார்கள், பொழுது சாயும் முன் வெளியே வரச் சொல்வார்கள். அன்றைய நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். முதல் தடவை பழைய தனுஷ்கோடி வரை ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு டவுன் பஸ் பிடித்துத் திரும்புங்கள். முழுப் பத்தொன்பது கிலோமீட்டரை, வேறு இடத்தில் பதினைந்தைச் சிரமமில்லாமல் ஓடியவர்கள் மட்டும் நினைக்கலாம். அரிச்சல்முனை சேர்ந்ததும் வியர்வையோடு தெற்குக் கடலில் இறங்காதீர்கள். அங்கே நீரோட்டம் பொல்லாதது, களைத்த காலால் திமிற முடியாது.

அந்த மாதங்களில்தான் பூநாரைகள் உப்பங்கழியில் இறங்கி மேயும், பங்குனி ஆமைகள் முட்டையிட மணலேறும். 2025 சூனில் தமிழக அரசு இங்கே பூநாரைச் சரணாலயம் அறிவித்திருக்கிறது. படத்துக்காகச் சாலையை விட்டு இறங்கிப் பறவைக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவையின் தெம்பு நம் ஒரு நிமிட ஆசையில் வீணாகும். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு மணலில் ஓடுவதும் வேண்டாம், வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

மணலில் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை இருக்கிறது. பாக் நீரிணைக் கரை, அலை குறைவு, பின்னால் சவுக்குத் தோப்பு. கச்சான் மாதங்களில் தோப்பு காற்றை மறைத்துக்கொள்ளும். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-இல் அளந்து சொன்ன கணக்குப்படி, மணலில் ஓட கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும். ஆகவே சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர் மணலில் மூன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். அலை நனைத்துப் போன இறுகிய மணலில் ஓடுவது நல்லது, ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுக ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும், முழங்காலின் வெளிப்பக்கம் வலி எடுக்கும். போன தூரமே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் பங்கு சமமாகும்.

வெறுங்காலோடு ஓடலாமா என்று கேட்டால், மீன் இறங்கும் கரையில் கூடாது என்பேன். வலையிலிருந்து கழித்துப் போட்ட கெளுத்தியின் முள் மணலில் புதைந்து கிடக்கும், குத்தினால் விஷம் ஏறிக் கடுகடுக்கும். தாங்கக்கூடிய சுடுநீரில் காலை அரை மணிக்கு மேல் வைத்திருந்தால் வலி தணியும். பிறகு மருத்துவமனைக்குப் போய் முள் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்த்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கரை ஒதுங்கிய சொறிமீன் செத்திருந்தாலும் சுணை போகாது, மிதிக்காதீர்கள்.

ராமநாதபுரம் நகரத்திலேயே இருப்பவர்கள் கடலைத் தேடி ராமேஸ்வரம் வரை வர வேண்டியதில்லை. தனியாக ஓடும் பெண்களுக்குச் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் நல்ல தொடக்கம். இந்த மாவட்டத்தில் காலையில் ஓடும் பெண்கள் இன்னும் குறைவு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துகொண்டால் கண்மாய்க் கரைக்கும் போகலாம். மழை பெய்து நிறைந்த ஆண்டில், நகரை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய் கடற்கரைக்குக் குறைந்ததல்ல. பறவைகள் சரணாலயமான அது 2025-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கரையில் நின்றே கூழைக்கடாவைப் பார்க்கலாம். பயப்பட வேண்டியது சீமைக்கருவேல முள்ளுக்குத்தான். அது காலணியின் அடிப்பாகத்தையே துளைக்கும். மெல்லிய பந்தயக் காலணியை அங்கே போடாதீர்கள்.

வியர்வையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் விடியற்காலைக் காற்றிலேயே ஈரம் மிகுதி, வியர்வை காயாது, உடம்பு குளிராது. கடிகாரம் காட்டும் வேகத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் முதல் இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள், உடம்பு வெக்கைக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ குடியுங்கள். பனை பாளை விடும் மாதங்களில் காலைப் பதநீரும் நல்லது, சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் தவிர்க்கவும்.

கரையில் ஓடும்போது அது பிறர் வேலை செய்யும் இடம் என்பதை மறக்காதீர்கள். கரைவலை இழுக்கிறவர்களின் கயிற்றைத் தாண்டிக் குதிக்காமல், "அண்ணே, போய்க்கிறேன்" என்று சொல்லிப் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். கருவாடு காயும் இடத்தில் மணலைக் கிளப்பாதீர்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். ஆடி, தை அமாவாசைகளில் அக்னி தீர்த்தத்தையும் ரத வீதிகளையும் அடியோடு விட்டுவிடுங்கள். ஈரத் துணியோடு வயதானவர்கள் கூட்டமாக நடந்து வருவார்கள், தரையெல்லாம் நீர் வழிந்து வழுக்கும். அன்றைக்குக் குந்துகாலுக்குப் போங்கள்.