தலைப்பிரசவம்: எப்போது கிளம்புவது?

கேள்வி: எனக்கு 24 வயது. பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவள். வளைகாப்பு முடிந்து பங்காருபேட்டையில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். 37 வாரம் முடிந்துவிட்டது, தலைப்பிரசவம். நிஜ வலி எது, பொய் வலி எது என்று யாரைக் கேட்டாலும் ‘வந்தா உனக்கே தெரியும்’ என்கிறார்கள். சீக்கிரம் போனால் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். தாமதமாகப் போனால் ஆபத்தாம். எப்போதுதான் கிளம்புவது, டாக்டர்?

பதில்: ‘வந்தா உனக்கே தெரியும்’ என்பது இரண்டு மூன்று பெற்றவர்களின் பதில். அவர்களுடைய உடம்புக்கு அந்த வலி ஏற்கெனவே பழக்கம். முதல் முறை சுமப்பவளுக்கு அப்படி இல்லை. பின்னிடுப்பில் ஒரு பிடிப்பு வந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தோன்றும். பரிசோதித்துவிட்டு ‘இன்னும் வழி திறக்கலம்மா, வீட்டுக்குப் போய் வா’ என்று நர்ஸ் அனுப்பிவைப்பது எந்த ஊர் லேபர் வார்டிலும் தினசரி நடப்பதுதான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

முதலில் தேதி. தாயி கார்டில் எழுதிக் கொடுத்திருக்கும் பிரசவ நாள், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் போட்டது. நெகெலே என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் வழங்கும் பழைய கணக்கு இது. அந்தக் குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் 100-க்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். தலைச்சன் பிள்ளைகள் சில நாள் கடத்தி வருவதும் சகஜம். 41 வாரம் முடிந்தும் வலி வராவிட்டால் மருந்து கொடுத்து வலி வரவழைப்பது பற்றி மருத்துவரே பேச்செடுப்பார். அதுவரை, தேதி தாண்டிவிட்டதே என்று அக்கம்பக்கத்தார் விசாரிப்பதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

அந்த நாளுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரியும். ‘வயிறு இறங்கிடுச்சு’ என்று பாட்டிமார் சொல்வது குழந்தையின் தலை இடுப்புக் கூட்டுக்குள் இறங்குவதைத்தான். முதல் கர்ப்பத்தில் இது வலி வருவதற்குச் சில வாரங்கள் முன்பே நடந்துவிடும். மூச்சு விடுவது எளிதாகும், சிறுநீர் அடிக்கடி வரும். பிறகு ஒருநாள் லேசாக ரத்தம் கலந்த கோழை போலப் படும். கருப்பையின் வாயை அடைத்திருந்த சளி கழன்று வருகிறது என்று பொருள். அன்றே வலி பிடிக்கலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் பிடிக்கலாம். இதற்காக மட்டும் ஓட வேண்டாம்.

இனி வலி. நம் பக்கத்தில் ‘சூட்டு வலி’ என்பார்களே, அதைப் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் 1872-இல் விவரித்து எழுதினார். மருத்துவப் புத்தகங்களில் அது இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வயிறு கல்லாக இறுகும், சிறிது நேரத்தில் தளரும். அடுத்தது பத்து நிமிடத்தில் வரலாம், ஒரு மணி நேரம் கழித்தும் வரலாம். தண்ணீர் குடித்துப் படுத்தாலோ நாலு எட்டு நடந்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது. பெரும்பாலும் பின்னிடுப்பில் ஆரம்பித்து முன்வயிற்றுக்குச் சுற்றி வரும். இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொரு வலியும் முந்தியதைவிட நீளும். வலியின் நடுவே ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் நிறுத்த வேண்டியிருந்தால் அது விளையாட்டு வலியில்லை.

தலைப்பிரசவம் ஏன் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கருப்பைவாய் வழக்கமாக மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளக் குழாய்போல் இருக்கும். முதல் பிரசவத்தில் அது முதலில் குறுகி, மெலிந்து, தாள்போல் ஆகவேண்டும். அதன் பிறகே திறக்கத் தொடங்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் மெலிவதும் திறப்பதும் கூடவே நடக்கும். அதனால்தான் இரண்டாவது பிள்ளைக்காரி வாசலைத் தாண்டுவதற்குள் பெற்றுவிட்டாள் என்று கதைகள் உண்டு. முதல் பிள்ளைக்காரியைப் பற்றி அப்படிக் கதை அபூர்வம்.

1955-இல் நியூயார்க்கில் இமானுவேல் ஃபிரீட்மன் என்ற மருத்துவர் 500 தலைப்பிரசவங்களைக் கவனித்து, வழி திறக்கும் வேகத்தை வரைபடமாகப் போட்டார். அதைப் பின்பற்றி ‘மணிக்கு ஒரு சென்டிமீட்டர்’ என்பது உலகெங்கும் லேபர் வார்டுகளில் சட்டம்போல் ஆகிவிட்டது. அந்த வேகத்துக்கு வராத பெண்களுக்கு மருந்து ஏற்றினார்கள், ஆபரேஷனுக்கும் கொண்டு போனார்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அதன் வழிகாட்டுதல்படி, வழி 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிர வலிக்கட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து முழுத் திறப்பான 10 சென்டிமீட்டருக்கு முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குமேல் முக்கிப் பெறுவதற்கு 3 மணி நேரம் வரை. ஐந்துக்கு முந்தைய மெதுவான கட்டத்துக்கோ கெடுவே கிடையாது. ஒருத்திக்குச் சில மணி நேரம், இன்னொருத்திக்கு ஒரு பகலும் ஒரு இரவும். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் அந்தக் கட்டத்தைக் கழிக்கச் சிறந்த இடம் சொந்த வீடுதான்: வெந்நீர்க் குளியல், கஞ்சி, இளநீர், நடை, இடையிடையே தூக்கம்.

ஆகவே, சிக்கல் இல்லாத கர்ப்பமாக இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. மருத்துவமனை தொலைவென்றால் இன்னும் முன்னதாக.

பங்காருபேட்டையில் அந்தத் தொலைவுக் கணக்கு முக்கியம். ஊரிலேயே அரசு தாலுகா மருத்துவமனை இருக்கிறது. சிக்கலில்லாத பிரசவத்துக்கு அது கைக்கெட்டும் இடம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கடும் ரத்தசோகை, இரட்டைப் பிள்ளை, தலை திரும்பாத பிள்ளை என்று ஏதாவது இருந்தால் கோலார் எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனையோ, டமக்காவில் இருக்கும் ஆர்.எல்.ஜாலப்பா மருத்துவமனையோ என்று இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். பக்கத்துக் கோலார் தங்கவயலில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதோடு அந்தத் தலைமுறையின் வழக்கமும் மாறிவிட்டது. ‘அந்தக் காலத்துல சாம்பியன் ரீஃப் ஆஸ்பத்திரிக்குப் போனோம்’ என்று பாட்டி சொல்வதைக் கேட்கலாம், வழி கேட்க முடியாது. எங்கே போவது என்பதை நடுராத்திரி வலியில் குடும்பமே கூடி விவாதிப்பதைவிட வீண்வேலை வேறில்லை.

108 ஆம்புலன்ஸ் கர்நாடகத்தில் 2008 நவம்பரிலிருந்து ஓடுகிறது. 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரட்சா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டிலிருந்து வண்டி, திரும்பி வர வண்டி எல்லாமே இலவசம். தாயி கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆதார் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுப் பையின் மேலாக வைத்துவிட்டால் போதும்.

வலிக்காகக் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனால், வலி இல்லாவிட்டாலும் போயே ஆகவேண்டும். 100 பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு இப்படி வலிக்கு முன்பே உடைகிறது. தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மாதவிலக்குபோல ரத்தம் போவது, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது, திடீரென்று முகம் கை வீங்குவது, வலிப்பு, காய்ச்சல் இவையும் அப்படியே. எல்லாவற்றையும்விட அதிகம் அசட்டை செய்யப்படுவது ஒன்று: குழந்தையின் அசைவு குறைவது. ‘பிரசவம் நெருங்கினா பிள்ளை அடங்கிடும்’ என்ற பேச்சு தவறு. கடைசி நாள்வரை அசைவு இருக்க வேண்டும்.

கடைசியாக, இந்த ஊர்க்காரிக்கு மட்டும் ஒரு குறிப்பு. பங்காருபேட்டை பானிபூரிக்காகப் பெங்களூரிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள், தெரியும். ஆனால் மாசுபட்ட தண்ணீரில் பரவும் ஹெப்படைடிஸ் ஈ காமாலை நிறைமாதத்தில் உயிருக்கே ஆபத்தாகக்கூடும். பிள்ளை பிறந்த பிறகும் கடை அங்கேதான் இருக்கும்.

கேள்வி: நான் அந்தப் பெண்ணின் அம்மா. எங்கள் வீட்டில் வலி வந்தால் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்போம். அடங்கினால் சூட்டு வலி, ஏறினால் நிஜ வலி. விளக்கெண்ணெயும் கொடுப்பதுண்டு. இதெல்லாம் தப்பா? பிரசவ அறைக்குள் என்னை விடுவார்களா?

பதில்: சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை. ஓய்வும் வெதுவெதுப்பான நீரும் பொய் வலியை அடக்கும் என்பதால் அந்தச் சோதனை ஓரளவு வேலையும் செய்கிறது. ரத்தம் போகும்போதும் தண்ணீர் உடைந்தபோதும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தால்தான் தப்பு. விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போன பெண் முக்குவதற்குத் தெம்பில்லாமல் பிரசவ அறைக்கு வருவாள்.

உடன் இருப்பது பற்றி. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை தமிழ் வீடுகளுக்குத் தெரிந்ததுதான். செட்டிப்பெண் ரத்னாவதிக்குப் பேறுகாலம். துணைக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது ஐதீகம். அங்கே தெய்வம் மருத்துவச்சியாக வரவில்லை, அம்மாவாக வந்தது. கதை கட்டியவர்களுக்குத் தேவை எதுவென்று தெரிந்திருக்கிறது. 17 நாடுகளில் 15,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை 2017-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து ஒருவர் பக்கத்தில் இருந்த பெண்களுக்கு வலி நேரம் குறைந்தது, சுகப்பிரசவம் கூடியது, ஆபரேஷன் குறைந்தது.

மத்திய அரசு 2016-இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண் உறவினரை அனுமதிக்கச் சொல்லிவிட்டது. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும், மருத்துவ வேலையில் குறுக்கிடக் கூடாது. எல்லா வார்டிலும் இது ஒரே மாதிரி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆகவே அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே, ‘உள்ளே நான் இருப்பேன்’ என்று சிஸ்டரிடம் சொல்லி வையுங்கள், அம்மா. உள்ளே போனபின் இடுப்பைத் தேய்த்துவிடுவது, ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது, நடக்கக் கைகொடுப்பது இவ்வளவுதான் வேலை. ‘நான் பட்ட பாட்டுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல’ என்ற வசனத்தை மட்டும் வெளியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: நான் கணவர். பெங்களூரில் வேலை. போன் வந்ததும் ரயில் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிட முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். மாரிக்குப்பம், பங்காருபேட்டையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அன்றாடம் வேலைக்குப் போய் வருகிற தடம்தானே. தலைப்பிரசவம் எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பயணம் சிறியது. ஆனால் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாப்பிள்ளை வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் தேவைப்பட்டால் மனைவியே கையெழுத்துப் போடலாம், 18 வயது நிறைந்தவருக்கு அந்த உரிமை உண்டு. ரத்தம் தேவைப்படலாம் என்பதால் கொடுக்கத் தயாரான இரண்டு நண்பர்களிடம் இப்போதே பேசி வைத்தால் உதவும்.

கேள்வி: மறுபடியும் நானேதான், டாக்டர். எனிமா, கத்தி, தையல் என்று கேட்டாலே நடுங்குகிறது. உள்ளே என்னென்ன செய்வார்கள்?

பதில்: எனிமா கொடுப்பதும் மயிர் மழிப்பதும் எல்லோருக்கும் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. முதல் பிள்ளை என்பதற்காகவே கத்தரி வைத்துத் தையல் போடுவதையும் அது பரிந்துரைக்கவில்லை. குழந்தைக்கு மூச்சுத்திணறல் போன்ற காரணம் இருந்தால் மருத்துவர் முடிவெடுப்பார். வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுவது கூடவே கூடாது. உள்பரிசோதனை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதுமானது. எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்பது பெண்ணின் உரிமை. குழந்தையின் இதயத்துடிப்பை அவ்வப்போது கேட்பார்கள். படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், உட்காரலாம், சாய்ந்து நிற்கலாம்.

தலை வெளியே வரும் நேரத்தில் ‘முக்காதே, வாயால் மூச்சு விடு’ என்று சிஸ்டர் சொன்னால் அதைக் கேட்பது கிழியாமல் காக்கும். குழந்தை வந்ததும் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி, 10 யூனிட். பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசி அது, வேண்டாம் என்று சொல்லக் கூடாது. தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவதால் குழந்தைக்குக் கூடுதல் ரத்தம் கிடைக்கும். நஞ்சுக்கொடி வழக்கமாக அரை மணிக்குள் விழுந்துவிடும். அழுது மூச்சுவிடும் குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் போட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்கலாம். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வாங்கிக்கொண்டு உறவினர் யாராவது வந்தால், அவற்றைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோக விடாதீர்கள்.