காப்பிக் கொட்டை: வறுப்பின் பக்குவமும் சுவையும்

சேர்வராயன் மலை, கீழ்ப்பழனி மலைப் பகுதிகளில் காப்பி பயிரிடும் சிறு விவசாயிகள் சிலர், தாமே கொட்டையை வறுத்துப் பொடியாக்கி விற்கின்றனர். கறுக்க வறுத்தால்தான் காப்பி 'ஸ்ட்ராங்' என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது சரியன்று. காப்பியிலுள்ள காஃபின் வறுப்பினால் அதிகம் மாறுவதில்லை, கூடுவது கசப்பே. எடையும் குறைகிறது.

வறுக்கும்போது நிகழ்வது

நன்கு உலர்ந்த கொட்டையில் 10 முதல் 12 சதம் ஈரம் இருக்கும். சூடேறும்போது ஈரம் ஆவியாகி, கொட்டை மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். சுமார் 200 டிகிரி சென்டிகிரேடில் சோளம் பொரிவதுபோல் வெடித்து உப்பும். இது முதல் வெடிப்பு. சுமார் 225 டிகிரியில் மெல்லிய சடசடப்புடன் இரண்டாம் வெடிப்பு தொடங்கும். எண்ணெயும் மேலே கசியும்.

மூன்று பக்குவங்கள்

இளவறுப்பு: முதல் வெடிப்பு அடங்கியதும் இறக்குவது. புளிப்பும் கொட்டையின் இயல்பான மணமும் மேலோங்கும். 10 கிலோ பச்சைக் கொட்டைக்குச் சுமார் 8.7 கிலோ கிடைக்கும்.

நடுவறுப்பு: இரண்டாம் வெடிப்புக்குச் சற்று முன் இறக்குவது. புளிப்பும் கசப்பும் சமமாக இருக்கும். பால் கலந்த பில்டர் காப்பிக்கு ஏற்றது. சுமார் 8.5 கிலோ கிடைக்கும்.

கருவறுப்பு: இரண்டாம் வெடிப்பில் இறக்குவது. கசப்பும் புகை மணமும் மிகும். சுமார் 8 கிலோதான் கிடைக்கும். பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்த உழைப்பும் இதில் தெரியாது. நல்ல கொட்டையும் மட்டமான கொட்டையும் ஒன்றுபோலவே சுவைக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. கறுத்த, பூச்சி துளைத்த, உடைந்த கொட்டைகளை முன்பே பொறுக்கி நீக்கவும். பெரியது, சிறியது பிரித்துத் தனித்தனியே வறுக்கவும்.

2. இடைவிடாது கிளறவும். இறக்கியவுடன் பரப்பி, விசிறி ஆற்றவும். தாமதித்தால் கொட்டை தன் சூட்டிலேயே மேலும் கறுக்கும்.

3. வறுத்த பின்பும் வெளிறி நிற்பவை பெரும்பாலும் பழுக்காத காயிலிருந்து வந்தவை. அவற்றை நீக்கவும்.

4. வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளிவரும். ஒரு நாள் விட்டு உறையிலிடவும்.

5. சிக்கரி சேர்த்தால் காப்பி 51 சதத்திற்குக் குறையக்கூடாது. அளவை உறையில் குறிப்பிட வேண்டும்.

இந்தப் பருவத்தில் ஒரே கொட்டையை கால் கிலோ வீதம் மூன்று பக்குவத்திலும் வறுத்து, சிக்கரி இல்லாமல் காப்பி போட்டுக் குடித்துப் பாருங்கள். எதில் நிறுத்துவது என்பதை உங்கள் நாக்கும் தராசும் சொல்லிவிடும்.