உழவு இயந்திரமும் பெட்டியும்: பாரக் கணக்கு

மாட்டு வண்டில் ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பவை புதிய சொற்கள் அல்ல. முன்னுக்குப் பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னுக்குக் கூடினால் நுகம் மேலெழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். மாடு நடக்க மறுக்கும்போது வண்டில்காரர் இறங்கி இரண்டு மூடைகளை இடம் மாற்றி வைப்பார். உழவு இயந்திரம் அப்படி மறுப்பதில்லை. எவ்வளவு ஏற்றினாலும் இழுக்கப் பார்க்கும். ஆகையால் மாடு செய்த கணக்கை நாமே செய்யவேண்டியிருக்கிறது.

முதலில் மூன்று நிறைகளைப் பிரித்து விளங்கிக்கொள்வோம். வாகனத்தின் வெறும் நிறை ஒன்று. அது தாங்கக்கூடிய மொத்த நிறை மற்றொன்று. மொத்தத்திலிருந்து வெறும் நிறையைக் கழித்தால் வருவதே நாம் ஏற்றக்கூடிய சுமை. ஒரு கெப் வாகனத்தின் வெறும் நிறை 1900 கிலோ, மொத்த நிறை 2900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிகுதி 1000 கிலோ முழுவதும் உர மூடைக்கு உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அதில் ஏறும் ஐந்து பேரின் 350 கிலோவும் இதற்குள்ளேயே அடங்கும். பின்னால் பெட்டி பூட்டினால் அதன் கொழுக்கி கீழ்நோக்கி அழுத்தும் பாரமும் இதற்குள்தான் வரும். ரயருக்கும் தனிக் கணக்கு உண்டு. ரயரின் பக்கத்தில் அளவை அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 100 என்றால் ஒரு ரயர் 800 கிலோ தாங்கும். 112 என்றால் 1120 கிலோ. சரியான காற்று இருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

இனி எமது கிராமங்களில் அதிகம் ஓடும் நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு வருவோம். அதன் நிறை 1600 கிலோ என்றும், அதில் 600 கிலோ முன்சில்லுகளில் இருக்கிறது என்றும் கொள்வோம். முன், பின் அச்சுகளுக்கு இடையே 190 சென்ரிமீற்றர். பின் அச்சிலிருந்து கொழுக்கி 70 சென்ரிமீற்றர் பின்னால். பெட்டியின் முன்சட்டம் கொழுக்கியை 500 கிலோ பாரத்தால் அழுத்துகிறது. ஏற்றமரம்போல உழவு இயந்திரம் பின் அச்சில் திரும்பப் பார்க்கும். 500ஐ 70ஆல் பெருக்கி 190ஆல் வகுத்தால் 184. முன்சில்லிலிருந்து அவ்வளவு கிலோ குறைந்து 416 மிஞ்சும். மூடைகளை எல்லாம் முன்னுக்கு அடுக்கிக் கொழுக்கிப் பாரத்தை 1000 கிலோ ஆக்கினால் முன்சில்லில் 232 கிலோ மட்டுமே. இயந்திரத்தின் நிறையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது இங்கே 320 கிலோவாவது, முன்சில்லில் இருந்தால்தான் ஸ்டியரிங் பிடிக்கும். சமதரையிலேயே இந்த நிலை என்றால் குளக்கட்டில் ஏறும்போது சொல்லவேண்டியதில்லை.

எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவதும் தீர்வாகாது. அப்போது பெட்டி கொழுக்கியை மேலே தூக்கும். பின்சில்லு பிடிப்பை இழந்து வழுக்கும். இறக்கத்தில் பெட்டி இயந்திரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கொள்கலன் லொறிகளைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அவற்றின் இணைப்புத் தட்டு பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதில்லை. ஏறத்தாழ அச்சுக்கு நேர்மேலே, சற்று முன்னால் இருக்கும். அங்கே பாரம் எவ்வளவு கூடினாலும் முன்பக்கம் மேலெழும்பாது. குதிரை வண்டிகளின் முன் அச்சின்மேல் படுத்திருந்த வட்டத்தின் நினைவாக அதற்கு ஐந்தாம் சில்லு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. எமது உழவு இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை.

சிலர் சேற்றில் புதைந்த பெட்டியை இழுக்கச் சங்கிலியைப் பின் அச்சிலோ அதற்கு மேலோ கட்டுகின்றனர். இதை நாம் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். கீழேயுள்ள கொழுக்கியைத் தவிர வேறெங்கும் கட்டி இழுத்தால், சில்லு புதைந்து நிற்க, இயந்திரத்தின் முன்பக்கம் மேலெழும்பிச் சாரதியின்மேல் புரளும். கிளச்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது.

சுமையைக் கண்ணால் அளப்பதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். 10 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி உயரப் பலகை உள்ள பெட்டியை நிறைத்தால் சரியாக ஒரு கியூப். காய்ந்த மணல் என்றால் அது சுமார் 4500 கிலோ. ஈர மணல் 5000ஐத் தாண்டும். அந்தப் பெட்டி 3000 கிலோவுக்கே செய்யப்பட்டதென்றால் ஈர மணலை 14 அங்குல உயரத்துக்குமேல் போடக்கூடாது. உட்பக்கப் பலகையில் அந்த உயரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டால் ஏற்றுபவரோடு வாக்குவாதம் தேவையில்லை. நெல்லுக்கு: ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ, மூன்று புசல் மூடை 63 கிலோ. 3000 கிலோவுக்கு 47 மூடைகள். வெட்டியவுடன் ஈரத்தோடு கட்டிய அதே மூடை 70 கிலோ வரை வரும். அப்போது 42க்குமேல் வேண்டாம். மூடைக்குமேல் உட்கார்ந்து வீடு திரும்பும் பெண்களையும் பிள்ளைகளையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் அங்கே உட்காரவே கூடாது என்பது எமது கருத்து. பெட்டி சரிந்தால் மூடைகள் அவர்கள்மேல்தான் விழும். திருவிழாக் காலத்தில் பெட்டி நிறைய ஆட்களை ஏற்றுவோருக்கும் இதையே சொல்கிறோம்.

பிரேக் இல்லாத பெட்டியென்றால் சுமையுடன் அதன் நிறை உழவு இயந்திரத்தின் நிறையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் இரட்டித்தால் நிறுத்தவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். இருசில்லு இயந்திரம் வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். இறக்கத்தில் பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது இடப்பக்கக் கிளச்சை அழுத்தினால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். புதிதாக ஓட்டும் இளைஞர் மதகடியில் வாய்க்காலுக்குள் இறங்குவது இதனால்தான். இறக்கம் தொடங்குமுன் சிறிய கியருக்கு மாறி, பெட்டியின் பிரேக்கை மிதித்தபடி, கிளச்சைத் தொடாமல் கைபிடியால் திருப்பி இறங்கவேண்டும்.

கொழுக்கிப் பாரத்தை அறிய, வாகனம் நிறுக்கும் தராசு உள்ள ஆலைக்கு ஒருமுறை போனால் போதும். உழவு இயந்திரத்தைத் தனியே ஏற்றி நிறுக்கவும். பின்னர் சுமையுள்ள பெட்டியைப் பூட்டி, பெட்டிச் சில்லுகள் தராசுக்கு வெளியே நிற்க, இயந்திரத்தை மட்டும் ஏற்றி நிறுக்கவும். இரண்டுக்குமுள்ள வித்தியாசமே கொழுக்கிப் பாரம். முன்சில்லுகளை மட்டும் ஏற்றி நிறுத்தால் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறதா என்பதும் தெரிந்துவிடும். குறைந்தால் சில மூடைகளைப் பெட்டியின் அச்சுக்கு நேரே தள்ளி அடுக்கி, மறுபடியும் நிறுத்துப் பாருங்கள்.